உறைந்துபோன ஆச்சி

ஜனவரி மாத டெல்லியில் வெயில் என்பது ரேஷன் மாதிரி. மயூர் விஹாரில் என் தங்கை வீட்டு பால்கனிக்கு அது காலை பதினொரு மணி வாக்கில்தான் வரும், அதுவும் ஒரு ஜமுக்காளம் விரிக்கிற அளவுக்கு. அந்த ஜமுக்காளத்தில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குல்லாவுமாக ஆறு மாதப் பாப்பா மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில், ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில், அம்பாசமுத்திரத்திலிருந்து ஆச்சி. அதாவது எங்கள் அம்மா.

“ஏ தங்கம், ஆச்சியப் பாரு. ங்கு சொல்லு... ங்கு...”

பாப்பா இரண்டு காலையும் ஒரு உதை உதைத்து, “ங்...கா” என்றாள்.

“ஆமாவா? அப்புறம்?”

“ங்கா.”

“அப்படியா சொன்னா ஒங்கம்மா? இரு, நான் வந்து அவள என்னன்னு கேக்கேன்.”

நாலைந்து சுற்று இப்படிப் போனது. பிறகு நெட் நின்றது. வாய் பாதி திறந்திருக்க, மூக்குத்தி மினுங்க, ஆச்சி அப்படியே உறைந்துபோனாள். பாப்பா காத்திருந்தாள். இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, “ங்கா” என்று சொல்லிப் பார்த்தாள். புருவம் நெளிந்தது. பால்கனிக் கம்பியைப் பார்த்தாள், திரும்பப் போனைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்துக் கீழுதட்டைப் பிதுக்கினாள். அதற்குப் பிறகு நடந்தது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான்.

“நெட் போனதுகூட இதுக்குத் தெரியுதுண்ணே” என்றாள் தங்கை, தூக்கிக்கொண்டே.

தெரிந்தது, சரி. எதை வைத்துத் தெரிந்தது? திரையில் படம் இருந்தது, முகம் முழுசாக இருந்தது, சிரிப்புகூடப் பாதி இருந்தது. போனது ஒன்றே ஒன்று: ஆச்சியிடமிருந்து வரவேண்டிய பதில். குழந்தைகளின் புலனறிவு பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்துக்கொண்டு வந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சோதனைகள் கடைசியில் இந்த இடத்தில் வந்து முட்டுகின்றன.

1985-இல் லின் மர்ரே, கால்வின் ட்ரெவார்தன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை, எங்கள் பால்கனியில் நடந்ததற்கு முன்னோடி. இரண்டு மாதக் குழந்தை ஓர் அறையில், தாய் இன்னோர் அறையில். நடுவே கேமராவும் டிவியும். இன்றைய வீடியோ காலின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். நேரலையில் இருவரும் கொஞ்சிக்கொள்ளும்போது குழந்தை குஷியாக இருந்தது. பிறகு ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சற்று முன் பதிவான தாயின் படத்தையே மறுபடி ஓடவிட்டார்கள். அதே சிரிப்பு, அதே கொஞ்சல், ஆனால் குழந்தை இப்போது செய்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது, சிணுங்கியது, குழம்பியது. பின்னால் இதே சோதனையைச் செய்து பார்த்த எல்லோருக்கும் இவ்வளவு சுத்தமான முடிவு கிடைத்துவிடவில்லை. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. இரண்டு மாதத்தில் அது உறுதியாகத் தெரிகிறதா என்பதில்தான் சண்டை. இன்னும் சில மாதம் போன குழந்தைக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை.

இதைவிட எளிய, இதைவிடப் புகழ்பெற்ற சோதனை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1975-இல் முன்வைத்தது. கேமரா தந்திரமே வேண்டாம். தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாட வேண்டும்; பிறகு சில நிமிடம் கல்லுப் பிள்ளையார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குழந்தையையே பார்க்க வேண்டும்; பிறகு பழையபடி விளையாட வேண்டும். அவ்வளவுதான். நடுப்பகுதியில் குழந்தை செய்வதைப் பார்த்தால் மனசு பிசையும். முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். கத்திப் பார்க்கும். தன்னிடம் இருக்கும் சரக்கையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். எதற்கும் மசியாவிட்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தன் கையையே சப்பிக்கொண்டு, தளர்ந்து உட்கார்ந்துவிடும். இந்தக் கல்முகச் சோதனை உலகம் முழுக்கப் பல நூறு தடவை செய்து பார்க்கப்பட்டு நிலைத்திருக்கிறது. குழந்தை ஆய்வில் அப்படி நிலைத்தவை குறைவு. 2018-இல் ஒரு குழு தாயின் கையில் போனைக் கொடுத்து, அதைப் பார்க்கச் சொல்லி, ஏறக்குறைய இதே தளர்ச்சியைக் கண்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லாமல் போனால், இதைப் படிக்கிற இளம் அம்மாக்கள் ராத்திரி தூங்கமாட்டார்கள். சாதாரண, சந்தோஷமான விளையாட்டில்கூடத் தாயும் சேயும் ஒரே சுருதியில் இருப்பது சுமார் 30 சதவீத நேரம்தான் என்று கண்டவரும் அதே ட்ரானிக்தான். மற்ற நேரமெல்லாம் குழந்தை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பிறகு யாராவது ஒருவர் சரிக்கட்டுவார். அந்தச் சரிக்கட்டலைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது என்பது அவர் வாதம். குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடுவதெல்லாம் கல்முகம் ஆகாது.

தங்கை வீட்டில் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த கவலை வேறு. பக்கத்துத் தெருவில் ஒரு ப்ளே ஸ்கூல். வயது வராவிட்டாலும் முன்பதிவு வேண்டுமே என்று போய் விசாரித்தவளிடம், அங்கிருந்த அம்மணி வீட்டில் என்ன பாஷை என்று கேட்டிருக்கிறார். நாங்கள் தமிழ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிற தீதி ஹிந்தி, வீட்டுக்காரர் ஆபீஸ் போனில் எந்நேரமும் இங்கிலீஷ் என்று இவள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். “மூன்று பாஷையா? குழந்தை குழம்பிவிடும். பேச்சு தாமதமாகும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்” என்று அறிவுரை. எந்த ஒன்று என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கரோல்பாக்கிலோ ஆர்.கே.புரத்திலோ முப்பது வருஷமாக இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும், இந்த அறிவுரைக்கு எத்தனை பிள்ளைகளின் தமிழ் பலியானது என்று கணக்குச் சொல்வார்கள். அவர்களில் பலர் இன்று மலை மந்திர் முருகன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்க ஹிந்தியில் பேசுகிறார்கள்.

ஆகவே, குழந்தையின் காதுக்குள் என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு ஹிந்தி எழுத்துகளை வைத்துத்தான் நடந்தது, ஆனால் நடந்த இடம் கனடா.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் கேட்ட கேள்வி இது: ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்கு, ஆங்கிலத்தில் இல்லாத ஒலி வேறுபாடு கேட்குமா? அவர்கள் எடுத்துக்கொண்டது ஹிந்தியின் ட, த. நமக்கு இது சிரிப்பாக இருக்கும். பட்டு வேறு, பத்து வேறு. கட்டி வேறு, கத்தி வேறு. இதில் என்ன ஆராய்ச்சி? ஆனால் ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒரே ஒலி. கூடவே கனடாவின் பூர்வகுடி மொழியொன்றிலிருந்தும் ஓர் ஒலி ஜோடியை எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சு வராத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? அதற்கு ஓர் ஏற்பாடு. குழந்தை அம்மா மடியில். ஒலிபெருக்கியில் ட, ட, ட, ட என்று ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று த, த என்று மாறும். மாறும்போது பக்கத்தில் இருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மைக்கு விளக்கு எரியும், பொம்மை ஆடும். ஒலி மாறினால் பொம்மை வரும் என்பது குழந்தைக்கு இரண்டு மூன்று தடவையில் பிடிபட்டுவிடும். பிறகு ஒலி மாறியதுமே, விளக்கு எரிவதற்கு முன்னால், தலையைத் திருப்பும். திருப்பினால் கேட்டது என்று அர்த்தம். அம்மா தெரியாமல் சாடை காட்டிவிடக் கூடாதே என்று அவர் காதில் ஹெட்போன் மாட்டி வேறு ஒலி ஓடவிடுவது வழக்கம்.

ஆறு முதல் எட்டு மாதக் கனடாக் குழந்தைகளில் பெரும்பாலானவை ட-த மாறியதும் தலையைத் திருப்பின. அவர்கள் பெற்றோருக்குக் கேட்காதது அவர்களுக்குக் கேட்டது. எட்டு முதல் பத்து மாதத்தில் அந்த எண்ணிக்கை குறைந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலவே திருப்பின. ஹிந்தி வீட்டுக் குழந்தைகளோ அந்த வயதிலும் சுலபமாகத் திருப்பின. ஆக, குழந்தை ஒன்றுமே தெரியாமல் வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எல்லா வாசலையும் திறந்து வைத்துக்கொண்டு வருகிறது. ஒரு வயதுக்குள், ஆள் வராத வாசல்களை ஒருக்களித்துச் சாத்திவிடுகிறது. முகத்திலும் இப்படித்தான். ஆறு மாதக் குழந்தை ஒரு குரங்கு முகத்தையும் இன்னொரு குரங்கு முகத்தையும் பிரித்துச் சொல்லும், ஒன்பது மாதத்தில் அது போய்விடும் என்று 2002-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

வெர்க்கர் குழு 1981-இல் செய்த சோதனையில் ஹிந்தியின் இன்னொரு ஜோடியும் இருந்தது: மூச்சு விட்டுச் சொல்லும் த, அடித்தொண்டையிலிருந்து வரும் த. ஹிந்தியில் துணிச்சுருளுக்கும் நெல்லுக்கும் அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ‘தான்’. ட-த-வைக் கேட்டுச் சிரித்த நாம் இங்கே கனடாக்காரர்களோடு போய் உட்கார வேண்டியதுதான். டெல்லி வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மாளிடம் நான் ஹிந்தியில் ‘கானா சாப்பிட்டாச்சு’ என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டைச் சொல்ல நினைத்து, நான் ஒரு பாட்டைச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் என்று ஹிந்தியில் மூன்று தனிச் சொற்கள். நம் எழுத்தில் மூன்றும் ‘கானா’. இருபது வருடம் கழித்தும், வேகமாகப் பேசினால் எனக்கு அவற்றில் இரண்டுதான் கேட்கிறது. அந்த எதிர்வீட்டு அம்மாளோ இன்றுவரை என் மொழியின் பெயரை ‘தமில்’ என்றுதான் சொல்கிறார். கணக்கு நேர்.

எங்கள் பாப்பா இந்த இரண்டு பக்கமும் இல்லாத இடத்தில் கிடக்கிறாள். ஆறு மாதம். ழ-வும் கேட்கும், மூன்று கானாவும் கேட்கும். எது நிற்கும், எது போகும் என்பது அடுத்த ஆறு மாதத்தில் அவள் காதில் விழுவதைப் பொறுத்தது. அப்படியானால் தமிழ் கார்ட்டூனும் ஹிந்தி கார்ட்டூனும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் கேட்டார்.

2003-இல் வெளிவந்த ஆய்வு அது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள். ஆங்கிலம் தவிர வேறு கேட்டறியாதவர்கள். சீனமொழி பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து, மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள் விளையாடினார்கள். முடிவில் அந்தக் குழந்தைகள் சீனமொழி ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கேட்டன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மை, ஆனால் டிவியில். இன்னொரு குழுவுக்கு ஒலி மட்டும். இந்த இரண்டு குழுவும் பெற்றது பூஜ்யம். சீனமே கேட்காத குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. டிவியை வைத்த கண் வாங்காமல் பார்த்தும் ஒன்றும் ஏறவில்லை.

கார்ட்டூன் கட்சி இத்தோடு தோற்றது. ஆனால் ஆச்சியும் சேர்ந்து தோற்றுவிடுவாளே? அவளும் திரையில்தானே இருக்கிறாள்? இதற்குப் பதில் 2014-இல் வந்தது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புது வினைச்சொற்களை மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: நேரில், வீடியோ காலில், பதிவுசெய்த வீடியோவில். நேரில் கற்றவர்களும் வீடியோ காலில் கற்றவர்களும் சமமாகத் தேறினார்கள். பதிவைப் பார்த்தவர்கள் தேறவில்லை. மூன்றில் இரண்டு திரைதான். ஆனால் ஒரு திரை குழந்தை சொன்னதற்குத் திரும்பச் சொன்னது, இன்னொன்று தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. பாப்பா அந்த இரண்டு வயதை எட்ட இன்னும் நாள் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் “அப்படியா சொன்னா ஒங்கம்மா?” என்று ஆச்சி கேட்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. அவள் ‘ங்கா’வைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, இடம் விட்டு, பதில் சொல்கிறாள். எட்டு மாதக் குழந்தைகளின் மழலைக்குத் தாய் உடனுக்குடன் சிரித்து, கிட்டே வந்து, தொட்டுப் பதில் கொடுத்தால், சில நிமிடங்களுக்குள்ளேயே அந்த மழலை பேச்சின் வடிவத்துக்கு நெருங்குகிறது என்று 2003-இல் மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழு காட்டியது. அதே அளவு சிரிப்பும் தொடுதலும் சம்பந்தமில்லாத நேரத்தில் கிடைத்த குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை.

குழந்தையோடு எவ்வளவு பேச வேண்டும் என்பது இன்று நகரத்துப் பெற்றோரின் பெரிய பதற்றம். அந்தப் பதற்றத்துக்கு வேர் 1995-இல் அமெரிக்காவில் வந்த ஒரு கணக்கு: வசதியான வீட்டுக் குழந்தை ஏழை வீட்டுக் குழந்தையைவிட 3 கோடி வார்த்தை அதிகம் கேட்கிறது என்பது. மொத்தம் 42 குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் அதை நிறையவே கிழித்துவிட்டார்கள். 2018-இல் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் மூளையைப் படமெடுத்த ஓர் ஆய்வில், கதை கேட்கும்போது மொழிப்பகுதி எவ்வளவு இயங்குகிறது என்பதோடு ஒத்துப்போனது வார்த்தைகளின் மொத்த எண்ணிக்கை இல்லை. பெரியவரும் பிள்ளையும் மாற்றி மாற்றிப் பேசிய தடவைகள்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. மெக்சிகோவின் மாயா பூர்வகுடிகளில் செல்தால் மொழி பேசும் ஓர் ஊரில், கைக்குழந்தையிடம் நேராகப் பேசப்படுவது மணிக்கு சராசரி 3.6 நிமிடம்தான் என்று 2020-இல் வந்த ஆய்வு அளந்தது. குழந்தை அம்மா முதுகில் கட்டுண்டு, ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் முதல் சொல்லும் முதல் வாக்கியமும் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல உரிய காலத்தில் வந்துவிடுகின்றன. இடுப்பில் உட்கார்ந்து வெளிப்பக்கம் பார்த்தபடி தெருச்சண்டை கேட்டு வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமில்லை. குழந்தை ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறையில் நடந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் எதையும் படிக்க வேண்டும். முகத்துக்கு முகம் கொஞ்சுவது ஒரு வழி; ஒரே வழி என்று சொல்ல ஆதாரமில்லை.

அதேபோல, பாடப்புத்தகத்தில் ஏறியதெல்லாம் வேதவாக்கும் இல்லை. பிறந்து இரண்டு மூன்று வாரமான குழந்தை நாம் நாக்கை நீட்டினால் தானும் நீட்டும் என்று 1977-இல் மெல்ட்ஸாஃபும் மூரும் எழுதினார்கள்; நாற்பது வருடம் எல்லா வகுப்பிலும் அதைப் பாடமாக நடத்தினார்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைப் பிறந்த முதல் வாரத்திலிருந்து தொடர்ந்து பார்த்தவர்கள் அப்படி ஒன்றும் தென்படவில்லை என்றார்கள். சர்ச்சை ஓயவில்லை. என் மைத்துனர் மட்டும் பாப்பா பிறந்த அன்றே தன்னைப் பார்த்து நாக்கை நீட்டியதாகச் சத்தியம் செய்கிறார்.

சரி, மூன்று பாஷை. குழம்புமா? பிறக்கும் முன்பே கதை தொடங்கிவிடுகிறது. 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் கருவி பொருத்திய ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தன் தாயின் குரல் கேட்கும், இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி சப்பலை மாற்றிக்கொண்டன. வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகிய குரல். இதே சப்பல் முறையை வைத்து 2010-இல் வெர்க்கரின் கூட்டத்தார் கர்ப்பத்தில் ஆங்கிலம், தகலாக் இரண்டும் பேசிய பிலிப்பைன்ஸ் தாய்மாரின் சிசுக்களைச் சோதித்தார்கள். சிசுக்கள் இரண்டு மொழியிலும் ஆர்வம் காட்டின. அதே சமயம் இரண்டும் வேறு வேறு என்றும் பிரித்தறிந்தன. பிறந்த சில நாளில். குழப்பம் என்ற பேச்சு அங்கேயே அடிபடுகிறது.

இன்னும் நுட்பமான சாட்சி கண்ணிலிருந்து வருகிறது. ஒலியே இல்லாமல், பேசும் முகத்தை மட்டும் காட்டினால், நான்கு, ஆறு மாதக் குழந்தைகள் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாறியதைக் கண்டுபிடிக்கின்றன. எட்டு மாதத்தில் ஒருமொழிக் குழந்தைக்கு அது போய்விடுகிறது. இருமொழிக் குழந்தைக்கு நிற்கிறது. இருமொழி வீட்டுக் குழந்தைகள் பேசுகிறவரின் கண்ணைவிட வாயை அதிகமாக, நீண்ட காலம் பார்க்கின்றன என்று பார்சிலோனாவில் கண்டிருக்கிறார்கள். பாப்பாவும் தீதி பேசும்போது அவர் வாயையே பார்ப்பாள். “இவள் என் பல்லை எண்ணுகிறாள்” என்பார் தீதி ஹிந்தியில்.

பேச்சு தாமதமாகும் என்ற பயத்துக்கு ஒரு காரணம் எண்ணுகிற விதம். இரண்டு வயதில் தமிழ்ச் சொல் முப்பது, ஹிந்திச் சொல் முப்பது வைத்திருக்கும் பிள்ளையிடம் ஹிந்தியை மட்டும் எண்ணினால் முப்பதுதான் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐம்பதில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் பின்தங்கல் இல்லை என்பது 1990-களிலிருந்தே தெரிந்த விஷயம். “அம்மா, பானி வேணும்” என்று பிள்ளை கலந்து பேசினால் அதுவும் குழப்பத்தின் அடையாளம் இல்லை. கையில் இருக்கும் சில்லறையில் காரியத்தை முடிக்கிறது, அவ்வளவுதான். நாம் ஆபீஸில் பேசும் தமிழை யாராவது பதிவு செய்தால் தெரியும், கலப்பது யார் என்று. உண்மையிலேயே பேச்சு பின்தங்கினால் அதற்குக் காது, நரம்பு என்று வேறு காரணங்களை மருத்துவரிடம் பார்க்க வேண்டும். மொழியைக் குறைப்பது மருந்தாகாது.

கெடு வைத்துப் பயமுறுத்துவதும் இந்தத் துறையைச் சுற்றி ஒரு வியாபாரமாகிவிட்டது. ஆயிரம் நாளுக்குள், மூன்று வயதுக்குள், இல்லாவிட்டால் போச்சு. கெடு பற்றிய இரண்டு நல்ல பாடங்கள் டெல்லியிலேயே இருக்கின்றன.

ஒன்று, தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளைகோடுகள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவுகள் ஆறு நாடுகளின் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து வந்தவை; அதில் இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். உட்காருவது, தவழ்வது, நடப்பது பற்றிய அட்டவணையிலும் அவர்கள் உண்டு. அதில் தனியே நடக்கும் வயது எது தெரியுமா? 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை. ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட அகலம், எல்லாம் ஆரோக்கியமான பிள்ளைகள். 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை; நேராக அடுத்ததற்குப் போய்விட்டன.

மற்றது தரியாகஞ்சில் இருக்கும் ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டம். பிறவிக் கண்புரையால் பார்வையில்லாமல், சிகிச்சையும் எட்டாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். 2011-இல் வந்த அறிக்கையில் எட்டு முதல் பதினேழு வயதுவரை ஐந்து பேர். கட்டுப் பிரித்ததும் அவர்களுக்குப் பொருள்களைப் பார்த்துப் பார்த்து ஒப்பிட முடிந்தது. தொட்டுத் தொட்டும் முடிந்தது. ஆனால் கையால் தடவிய வடிவம் இதுதான் என்று கண்ணால் காட்டச் சொன்னால் தடுமாறினார்கள். தொடுவதையும் பார்ப்பதையும் கோத்துக்கொண்டு யாரும் பிறப்பதில்லைபோலும். சில நாட்களில் அந்த இணைப்பும் வந்துவிட்டது. இத்தனை வயதுக்குமேல் சிகிச்சை செய்து பலனில்லை என்று அதுவரை நிலவிய எண்ணத்தை இந்தப் பிள்ளைகள் அசைத்துவிட்டார்கள். கூர்மை முழுதாகத் திரும்பாது; அது உண்மை. ஒருக்களித்த வாசல் பூட்டிய வாசல் இல்லை என்பதும் உண்மை.

நம் பிள்ளைத்தமிழ்க்காரர்கள் இதையெல்லாம் வேறு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம், மூன்றாம் மாதம் தொடங்கி ஒற்றைப்படை மாதங்களாக இருபத்தொன்றுவரை. ஐந்தாம் மாதச் செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, இரு கையையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும். ஒன்பதில் கைகொட்டும். பதின்மூன்றில் ‘வா’ என்று அழைத்தால் தளர்நடையில் வரும். அந்த உலக அட்டவணையின் சராசரி 12.1 மாதம். எனக்குப் பிடித்தது பதினைந்தாம் மாத அம்புலி. அம்மா நிலவைக் காட்டுகிறாள், குழந்தை நிலவைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்கிறது. ஒரே பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பது, பார்க்கிறோம் என்று இருவருக்கும் தெரிவது. ஒரு வயதுக் குழந்தை விரல் நீட்டும்போது என்ன கேட்கிறது என்று 2004-இல் லிஸ்கோவ்ஸ்கி குழு சோதித்தது. பெரியவர் குழந்தையை மட்டும் பார்த்தாலும் அதற்குத் திருப்தியில்லை, பொருளை மட்டும் பார்த்தாலும் இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஏதாவது சொன்னால்தான் நிறைவு. எடுத்துக் கொடு என்று மட்டும் அந்த விரல் சொல்வதில்லை. (டெல்லியில் நவம்பர் மாதம் அம்புலி பாட முடியாது. புகையில் நிலவே தெரியாது.)

தங்கை அந்த ப்ளே ஸ்கூலுக்கு இன்னும் பணம் கட்டவில்லை. பாப்பாவுக்கு இப்போது பதினொரு மாதம். போன ஞாயிறு போயிருந்தேன். பால்கனி வலைக்கு வெளியே ஒரு புறா வந்து உட்கார்ந்தது. பாப்பா விரலை நீட்டினாள்.

“புறாடா தங்கம், புறா” என்றாள் தங்கை.

“ஹாங், கபூதர்!” என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த தீதி.

பாப்பா இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புறாவைப் பார்த்தாள். பிறகு தெளிவாக, “பூ” என்றாள்.

அது புறாவின் புவா, கபூதரின் பூவா என்று எங்களுக்குள் வழக்கு. எழுதிக் காட்டியும் பயனில்லை, புறாவின் ப-வையும் கபூதரின் ப-வையும் நம் எழுத்து ஒன்றாகத்தான் காட்டும். ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்திருந்த ஆச்சிதான் முடித்து வைத்தாள்.

“பிள்ள பூ கேக்குது. ஒரு முழம் வாங்கிக் குடுங்களேம்ட்டி, சண்ட போட்டுக்கிட்டு.”